ஒத்தக்கொம்பியின் குட்டி

அன்றைக்கு அச்சாபீசில் இருந்தவர்கள்: மெட்ராஸ் பதிப்பகத்தின் மானேஜர், அவர் கூட்டி வந்த வக்கீல் குமாஸ்தா, அச்சாபீஸ் சொந்தக்காரர் தேவசகாயம், அத்தை, என் அம்மா, நான். இல்லாதவர் மாமா ஒருவர்தான். பஞ்சாயத்தே அவரைப் பற்றித்தான். "நான் இன்னாத்துக்கு? அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாதே" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அவர் வராததே நல்லது என்றாள் அத்தை. அந்த மத்தியானம் வெகுநேரம் வரைக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. ஆரணியில் எங்களுக்கு எதிர்வீடு. பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தானையும் டிசைன் போடுவது அவர் தொழில். கட்டம் போட்ட தாளில் மாங்காயும் அன்னமும் வரைந்து, கட்டம் கட்டமாகச் சிவப்பு மசி நிரப்பித் தருவார். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை தறிக்கு மேலே ஓடும், கீழே புடவையில் மாங்காய் காய்க்கும். அவர் மனைவியைத்தான் அத்தை என்பேன்; அவள் வீட்டுக்குள்ளேயே சொந்தத் தறியில் நெய்தாள். வீடு நடந்தது அத்தையின் தறியால். இது தெருவுக்கே தெரியும். தெரு அதைச் சொல்லியும் காட்டும்.

அந்த வீட்டில்தான் ஒத்தக்கொம்பி உண்டானது. எழுபதுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அந்த ஆட்டைச் சொன்னால் இப்போதும் முகம் மலரும். ஒற்றைக் கொம்பு, படிப்படியான முதுகு, வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற அந்த அலட்சியம். சுவரொட்டியைத் தின்னும் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஒத்தக்கொம்பி சுவரொட்டியைத் தின்றது. பசை இனித்தது. தலைவர் கசந்தார்.' அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில். வாக்கியம் அதற்கு மேல் நீளாது. அத்தை நெய்யும்போதுதான் அவர் கதையைச் சொல்லிப் பார்ப்பார். நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் திரும்புவதற்குள் ஒரு வாக்கியம் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் இழையை நெருக்கி அடிக்கும் பலகைச் சத்தத்தில் கடைசிச் சொல் அடிபட்டுப் போகும். உடனே பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிடுவார். முதுகு படிப்படியாக இருந்ததற்கும் காரணம் கட்டத் தாள்தான். எந்த வளைவையும் அவர் கைக்குக் கட்டமாகத்தான் தெரியும். அது ஏதோ புதுமோஸ்தர் என்று மெட்ராசில் பேசிக்கொண்டார்களாம்.

நிஜத்தில் அந்த ஆடு எங்களுடையது. நைனா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா ஆடு வளர்த்தாள். அதில் ஒன்று மில் கேட்டில் முட்டிக் கொம்பை ஒடித்துக்கொண்டு வந்தது. தெருவில் காயும் பாவு நூல், கல்யாணப் பத்திரிகை, தையல்காரர் டேப்பு, எதையும் விடாது. ஒருநாள் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு கட்டு அகத்தித்தழை.

"இன்னாண்ணா, தழையும் கையுமா?" என்றாள் அம்மா.

"தங்கச்சி, உங்க ஆட்ட நான் படம் போட்டுக்கட்டுமா?"

அம்மாவுக்கு விளங்கவில்லை. "போட்டுக்கயேன். அதுக்கு இன்னாத்துக்கு என்னக் கேக்கற?"

"உங்க ஆடாச்சே. கேக்காம எப்டிப் போடறது? சொம்மாவும் போடக்கூடாது. வாரத்துக்கு ஒரு கட்டு தழை குடுத்துடறேன்."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவர் கொடுத்தார். அந்த ஆட்டை பக்ரீத்துக்கு விற்கும் வரைக்கும் வாரம் தவறாமல் தழை வந்தது. விற்றதைச் சொன்ன அன்றும் ஒரு கட்டோடுதான் வந்திருந்தார். "அப்ப இது பழைய பாக்கி" என்று வைத்துவிட்டுப் போனார்.

அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு விஷயம் போதும். தன்னுடையது இல்லாத எதையும் அவர் கை தொடாது. இதைக் கேட்டு நீங்கள் கையெடுத்துக் கும்பிடலாம். எதிர்வீட்டிலிருந்து பார்த்தவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நேர்மைக்கும் சேர்த்து நெய்தவள் அத்தை.

மெட்ராஸ் பதிப்பாளர் ஆரணிக்கு வந்தது புத்தகத்துக்காக அல்ல, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. மாமா டிசைன் கொடுக்கும் பட்டு முதலாளியின் கடையில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தாளின் ஓரத்தில் மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்த ஒத்தைக் கொம்பு ஆட்டைப் பார்த்துவிட்டார். யார் போட்டது என்று கேட்டு மாமாவை வரவழைத்து, அங்கேயே ஏற்பாடு பேசினார். "கதை, படம் ரெண்டும் நீங்க பண்ணிடுங்க. பேப்பர், கலர், பிரஷ் எல்லாம் நான் அனுப்பிடறேன். புஸ்தகத்துக்கு இவ்வளவுன்னு கூலி."

கூலியைப் பற்றி மாமா யோசிக்கவே இல்லை. பேப்பரும் கலரும் பதிப்பாளர் அனுப்புகிறார் என்ற ஒரு சொல்லிலேயே மாமாவின் கணக்கு முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் முதலாளி பாவு கொடுப்பார், ஊடை கொடுப்பார், ஜரிகை கொடுப்பார். நெய்கிறவர்கள் நெய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதையும் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். புடவை முதலாளியுடையது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? "பாவு அவருது, ஊடை அவருது. என்னுது கை மட்டும்" என்பார். புத்தகத்தையும் அவர் அப்படித்தான் நினைத்தார்.

முதல் புத்தகம் முடிந்ததும் படங்களோடு இன்னொரு பொட்டலமும் மெட்ராசுக்குப் போனது. அதில் வெட்டி எறிய வேண்டிய தாள் ஓரங்கள், பிதுக்கிச் சப்பையாகிப்போன கலர் குழாய்கள், முடி உதிர்ந்த பிரஷ். பதிப்பகத்தில் அதை மேசைமேல் பரப்பிவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்களாம். அத்தைக்கு இந்தச் சங்கதி தேவசகாயம் மூலமாகத் தெரிந்தது. "இந்த மனுசன் கைல சாமியே நேரா வந்து வரம் குடுத்தாலும், ஆனது போக மிச்ச வரத்தத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வூட்டுக்கு வருவாரு" என்றாள். தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

புத்தகம் வந்தது. பெரிய அட்டை, பளபளவென்று. கதையும் படமும் என்று போட்டு அதற்குக் கீழே பதிப்பாளர் மகளின் பெயர். கல்யாணமான அந்த மகள்தான்.

அத்தை அட்டையை ஒரு நிமிஷம் பார்த்தாள். "யாரு இவ?"

"அந்தப் பொண்ணுதான். அரக்குல பச்சக் கரை எடுத்தாங்களே, அவங்களுக்குத்தான்."

"அவ ஆடு மேச்சாளா, நீ மேச்சியா?"

"ஏன் கத்தற? புடவ கட்டிகினவங்களுதுதான் புடவ. நீ இத்தினி நெய்யறியே, எதுலயாச்சும் உன் பேரு கீதா?"

அத்தை தறியில் உட்கார்ந்து பலகையை ஓங்கி ஓங்கி அடித்தாள். அன்றைக்கு நெய்த முழம் மட்டும் மற்ற முழங்களைவிடக் கெட்டியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வருஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரி ஒத்தக்கொம்பி வந்துகொண்டே இருந்தது. ஒத்தக்கொம்பி பஸ் ஏறியது, கல்யாணத்துக்குப் போனது, ஓட்டுப் போட்டது. எதிலும் அவர் பெயர் இல்லை. அவர் தன் படத்தில் ஒரு மூலையில் கூடக் கையெழுத்துப் போடமாட்டார். காகிதம் எதிலும் கையெழுத்துப் போடும் பழக்கமே அவருக்கு இல்லை. போஸ்ட் கார்டு எழுதினாலும் 'இப்படிக்கு, ஆரணி' என்று முடித்துவிடுவார்.

எங்கள் வகுப்புக்கும் அந்தப் புத்தகம் வந்தது. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். சொல்லிக்கொள்ள என்னிடம் வேறெதுவும் கிடையாது. எழுந்து நின்று, "சார், இது எங்க எதிர்வூட்டு மாமா எழுதினது" என்றேன்.

சார் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "பொம்பள பேரு போட்டுகீதேடா. உங்க மாமா புடவ கட்டிப்பாரா?"

வகுப்பு அதிர்ந்தது. நான் அழுதுகொண்டே போய் மாமாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். எனக்காகத்தான் வந்தார். சார் ஒரு சாக்பீசை எடுத்துக் கொடுத்து, "எங்க, அந்த ஆட்டப் போடுங்க பாக்கலாம்" என்றார்.

மாமா சாக்பீசை வாங்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "அது முடியாதுங்களே சார்."

"ஏன்?"

"அது மெட்ராஸ்காரருதுங்க. அவரக் கேக்காம நான் இங்க எப்டிப் போடறது? கழுத வேணா போடட்டுமா?"

சார் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்கடா. ஆடு போடத் தெரியாதவருதான் ஆட்டுக் கத எழுதினாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே மாமா கழுதையைப் போட்டார். கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பொதி சுமந்துகொண்டு, ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு. சிரிப்பு தானாக நின்றது. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து போய் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தான். சார் டஸ்டரை எடுத்துக் கழுதையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். மாமா மீதி சாக்பீசை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரோடு பேசமாட்டேன் என்று நான் தீர்மானித்திருந்தேன். அவரோ, "கழுத நல்லா வந்துச்சில்ல?" என்று கேட்டார்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் ஆடு மேய்க்கிறவர் என்று அதற்குப் பொருள். அத்தை தண்ணீர்க் குழாயடியில் அதைக் காதால் கேட்டுவிட்டு வந்தாள். கேட்ட அன்றே சொல்லிவிட்டாள்: "எனக்கு நக வேணாம், ஒண்ணும் வேணாம். உன் பேரு போட்ட பொஸ்தகம் ஒண்ணே ஒண்ணு வேணும். குழாயண்ட எடுத்துகினு போயி அவளுங்க மூஞ்சிக்கி நேரா காட்டணும்."

"ஆடு என்னுது இல்லியே."

"அப்ப வேற எதையாச்சும் போடு. கழுதயப் போடு!"

கழுதையும் போட்டுப் பார்த்தார். காக்கையும் போட்டார். நாடா ஓடும் சத்தத்தில் சொல்லியும் பார்த்தார். எதுவும் பேசவில்லை. அவருக்குப் பேசிய மிருகம் ஒத்தக்கொம்பி ஒன்றுதான். அத்தை அழமாட்டாள். அன்றைக்கு அழுதாள். அந்த நேரம் பார்த்துத்தான் என் அம்மா உள்ளே போனாள்.

"ண்ணா, உன் கணக்குலயே பேசறேன், கேளு. நாங்க மேலத்தெரு வூட்டு ஆட்ட வாரத்துக்கு வாங்கி வளத்தோமே, ஞாபகம் கீதா?"

"கீது தங்கச்சி."

"ஆடு அவங்களுது. தீனி நம்முது. குட்டி போட்டா ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு. ஊர்ல எங்க போனாலும் அதானே பேச்சு?"

"அதான் பேச்சு."

"ஒத்தக்கொம்பி மெட்ராஸ்காரருது. சரி. எட்டு வருசமா வளத்துகினு கீறது யாரு? அது ஒரு குட்டி போட்டா அது யாருக்கு?"

மாமாவின் கையில் பென்சில் அப்படியே நின்றது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அவள் கத்தியும் திறக்காத கதவு அது. அம்மா ஆட்டுக்காரியாக இருந்ததால் திறந்தது.

இருந்தும் அவர் உடனே தொடங்கிவிடவில்லை. பல நாள் யோசித்தார். பிறகு தன் கூலியில் தாள் வாங்கினார், கலர் வாங்கினார். மெட்ராஸ் தாள் அலமாரியில் இருக்கும். இந்தத் தாளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார், ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாதாம். அப்புறம் பதிப்பாளருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதினார். என்னிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட்டார். 'தங்கள் ஆட்டின் முதல் குட்டியை வார முறைப்படி நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த குட்டி தங்களுக்கு. இப்படிக்கு, ஆரணி.' பதில் எதுவும் வரவில்லை. மறுப்பு வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் குட்டிக்கு இரண்டு கொம்பும் முளைத்திருந்தன. தாய் எதையும் கேட்காமல் தின்னும், குட்டி கேட்டுக் கேட்டுத்தான் தின்னும். பூக்காரியின் கூடையைப் பார்த்து, 'இது யாருடையது?' சுவரொட்டியைப் பார்த்து, 'இது யாருடையது?' கடைசியில் பசி தாங்காமல் தாயிடமே வந்து கேட்கும், 'நான் யாருடையது?' தாய் பதில் சொல்லாது. காலை அகட்டி நின்று பால் கொடுக்கும். அதோடு புத்தகம் முடியும். அவர் செய்ததிலேயே நல்லது அதுதான். அத்தை நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்ட ஒரே கதையும் அதுதான்.

தேவசகாயத்தின் அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சர்ச் பாட்டுத்தாள் இவைதான் அச்சாகும். புத்தகம் என்று வந்ததே அவருக்குப் பெருமை. மாப்பிள்ளை பெயருக்கென்று வைத்திருந்த பெரிய எழுத்தை எடுத்து மாமாவின் பெயரை அட்டையில் கோத்தார். பச்சை கொஞ்சம் நகர்ந்து விழுந்தது, புல் ஆட்டின் வயிற்றில் ஏறியது. அதைப் பார்த்து மாமா உதட்டைக் கடித்துக்கொண்டார். அத்தை முதல் பிரதியைக் குடத்துக்குள் வைத்துக் குழாயடிக்கு எடுத்துப்போனாள். அங்கே என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது குடத்தில் தண்ணீர் இல்லை. அவள் முகம் மட்டும் நிறைந்திருந்தது.

வந்தவாசி, போளூர் கடைகளுக்கும் புத்தகம் போனது. எப்படியோ மெட்ராசுக்கும் ஒன்று போய்விட்டது. பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, இங்கிலீஷில். நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். எங்கள் சொத்தான ஆட்டை நீங்கள் திருடி அச்சிட்டிருக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தம். திருடி என்ற சொல்லை நான் மெதுவாகத்தான் சொன்னேன். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. அதற்கப்புறம் அவர் ஒருவேளைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படித்தான் அந்த மத்தியானம் நாங்கள் அச்சாபீசில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்த ஆடு எங்க பதிப்பகத்தோட சொத்து" என்று மானேஜர் தொடங்கினார்.

"எங்க ஆடுங்க அது" என்றாள் அம்மா. "பக்ரீத்துக்கு வித்துட்டோம்."

"நான் படத்துல இருக்கிற ஆட்டைச் சொல்றேம்மா."

"நானும் அத்தத்தான் சொல்றேன். கொம்பு ஒடிஞ்சது எங்க அரிசி மில்லு கேட்டுல. உங்க மெட்ராஸ்லயா ஒடிஞ்சது?"

குமாஸ்தாவே குனிந்துகொண்டு சிரித்தார். தேவசகாயம் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆடு உங்களுதுன்னு எழுத்துல எதனாச்சும் கீதுங்களா சார்? ஒப்பந்தம், ரசீது?" என்று கேட்டார்.

மானேஜர் பையிலிருந்து அந்தப் போஸ்ட் கார்டை எடுத்தார். "இதோ. 'தங்கள் ஆட்டின்'னு அவரே எழுதியிருக்காரே. இதைவிட என்ன வேணும்?"

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தேவசகாயம் கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "கையெழுத்து எங்க? பேரு எங்க? இப்படிக்கு ஆரணின்னு கீது. ஆரணில எத்தினி பேரு கீறாங்க. யாரு எழுதினதுன்னு நான் கண்டேன்?"

"அவர்தான் எழுதினார்."

"நிரூபிச்சிக்குங்க."

மானேஜரும் குமாஸ்தாவும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். இது கோர்ட்டில் நிற்காது, மறுபடி அச்சிடமாட்டோம் என்று வாயால் சொன்னாலே போதும், கிளம்பிவிடலாம் என்றார் குமாஸ்தா. நான் அத்தையின் காதில் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்தாள். நாடா ஓட்டிக் காய்ப்பேறிய கை, என் விரல் நெரிந்தது. தேவசகாயம் பையனை டீ வாங்க அனுப்பினார். மானேஜர்கூட, "உங்க ஊர்ப் புடவை என் பெண்டாட்டிக்கு உயிரும்மா" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

டீக்கு முன்னால் மாமா வந்தார்.

துவைத்த சட்டை போட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்தாரே, அதே மாதிரி. கையில் பழைய புடவைத்துணியில் கட்டிய மூட்டை. மேசைமேல் வைத்து அவிழ்த்தார். குட்டியின் படங்கள், எல்லாமே. அடித்துத் திருத்தியவை, பென்சிலோடு நின்றவை, கலர் பார்த்த துண்டுகள் வரைக்கும்.

"நீ இங்க இன்னாத்துக்கு வந்த?" என்றாள் அத்தை.

மானேஜர் சுதாரித்துக்கொண்டார். கார்டை மாமாவின் முன்னால் நகர்த்தி, மரியாதையாகவே கேட்டார்: "ஐயா, இது நீங்க எழுதினதுதானே?"

"ண்ணா, பேசாத. வாயத் தொறக்காத" என்றாள் அம்மா.

மாமா கார்டைப் பார்த்தார். "நான் எழுதினதுதாங்க."

"கையெழுத்து இல்லையே?"

"மறந்துட்டேங்க" என்றார். மேசையில் கிடந்த தேவசகாயத்தின் பேனாவை எடுத்து, இரண்டு கையாலும் கார்டைத் தொட்டு ஒழுங்காக வைத்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதினார். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. எனக்குத் தெரிந்து அவர் தன் எழுத்துக்குக் கீழே போட்ட ஒரே கையெழுத்து அது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சமாதானம் சொல்கிற மாதிரி பேசினார். "நேத்து பூரா யோசிச்சிகினே இருந்தேன் தங்கச்சி. நீ சொன்னது சரிதான். ஆனா வாரம்னா ஆட்டப் புடிக்கறதுக்கு முன்னாடியே பேசிக்கணும். நான் பேசிக்கலியே. பேசாம எடுத்துகினா அது வாரம் இல்ல. நோட்டீசுல அவங்க எழுதின பேருதான் அதுக்கு."

பையன் டீயைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தான். அத்தை மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மானேஜருக்குப் பெண்டாட்டி புடவை ஞாபகத்துக்கு வரவில்லை. இருக்கிற புத்தகம் எல்லாம் அவர்களுக்கு, படங்கள் அவர்களுக்கு, நஷ்டஈடு தனி, வக்கீல் செலவு தனி. குமாஸ்தா அங்கேயே எழுதினார். அந்த ஆட்டையோ குட்டியையோ பற்றி அச்சாகும் எதிலும் இந்த நபரின் பெயர் வரக்கூடாது என்பது கடைசி நிபந்தனை. மாமா அதற்கும் தலையாட்டினார். அந்தத் தாளுக்கு இன்னும் உயிர் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் எழுதும் இதிலும் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். நான் மீறியிருந்தால் அவரே வந்து மன்னிப்புக் கேட்டுக் கார்டு போட்டிருப்பார்.

கார் கிளம்பும்போது அவர் பின்னாலேயே ஓடினார். சட்டைப்பையில் ஒரு துண்டுப் படம் மிச்சம் இருந்ததாம், குட்டியின் காது. அதையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுவருஷம் குட்டியின் புத்தகம் மெட்ராசிலிருந்து வந்தது. அட்டையில் பதிப்பாளர் மகளின் பெயர். ஆரணி பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கியது. வாங்கிக்கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். கோபப்படட்டும் என்றுதான் போட்டேன். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "பச்ச நகரவே இல்ல பாரு. நம்ம தேவசகாயத்துக்கு இப்டி வராது" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கடைசிப் பக்கத்தில் தாய் பால் கொடுக்கவில்லை. அந்த இடத்தில், 'நீ நம் எஜமானருடையவன்' என்று தாய் சொல்வதாக மாற்றியிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தார். "வாக்கியம் நீளம்" என்று மட்டும் சொல்லி மூடி வைத்தார்.

அதற்கப்புறம் மாங்காயும் அன்னமும்தான். மெட்ராசிலிருந்து பேப்பர் வருவதும் நின்றுவிட்டது. திருடனுக்கு யார் பாவு கொடுப்பார்கள்?

அவர் புத்தகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அன்று அத்தை வீட்டில் இல்லை. தறி நின்ற இடத்தில், காலை விட்டு மிதிக்கிற பள்ளத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். பணம் கட்டத் தறியை, மேலே டிசைன் அட்டை ஓடும் பெட்டியோடு விற்றுவிட்டு, அவள் தினமும் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்குப் போய் இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வந்தவளிடம் மாமா புத்தகத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "அடுப்புக்குத் தாளு வேணும்னா அங்க வெய்யி" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

கொம்பு ஒடிந்த எங்கள் ஆட்டை பக்ரீத்துக்கு விற்றபோது அம்மாவுக்குக் கிடைத்தது நூற்று நாற்பது ரூபாய். அது தாளில் போட்ட குட்டிக்காக, அச்சுக்கூலி, நஷ்டஈடு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்து, அவர்கள் இரண்டு பேரும் கட்டியது நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.